வீட்டு மரமும் கறையானும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பழைய வீட்டைப் புதுப்பிக்கத் திட்டமிடுவோரிடமிருந்தும், புதுப்பித்த பிறகு சுவரில் கறையான் கட்டிய மண்கோடு கண்டு கலங்கியோரிடமிருந்தும் வந்த கேள்விகளில் ஆறு இந்த இதழில் இடம்பெறுகின்றன.

கேள்வி: எங்கள் தாத்தா கட்டிய ஓட்டு வீடு கும்பகோணத்தில் உள்ளது. நடுவில் முற்றமும், சுற்றிலும் தேக்குத் தூண்களும், ஒரு பக்கம் மச்சும் உண்டு. தை பிறந்ததும் புதுப்பிக்கும் வேலையைத் தொடங்க இருக்கிறோம். பழைய தேக்கைக் கறையான் தொடாது, உட்கூரையும் டைல்ஸும் போட்டு முடித்த பிறகு கடைசியில் மருந்து அடித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தக்காரர் சொல்கிறார். அதற்கு முன்பே மரங்களைச் சோதிக்க வேண்டுமா? — வாசகர், கும்பகோணம்

பதில்: கட்டாயம் சோதிக்க வேண்டும், அதுவும் முதல் டைல்ஸ் பெட்டி வீட்டுக்குள் வருவதற்கு முன்பே. உட்கூரை போட்டுவிட்டால் கூரையைத் தாங்கும் கைமரங்கள் கண்ணுக்குத் தெரியாது. பழைய தரையின்மேல் டைல்ஸ் ஒட்டிவிட்டால் சுவரும் தரையும் சேரும் இடம் மூடப்பட்டுவிடும். மண்ணிலிருந்து ஏறும் கறையான் பெரும்பாலும் முதலில் தலைகாட்டுவது அந்த இடத்தில்தான். ஒப்பந்தக்காரர் சொல்லும் வரிசையில் வேலை நடந்தால், மருந்து எங்கே தேவை என்பதைக் காட்டும் அடையாளங்களை எல்லாம் மூடிய பிறகே மருந்து அடிப்பீர்கள்.

தேக்கைப் பற்றி அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. தேக்கின் வைரப் பகுதியில், அதாவது நடுவிலுள்ள கெட்டியான மரத்தில், இயற்கையாகவே ஊறியிருக்கும் வேதிப்பொருள்கள் கறையானை விலக்கி வைக்கின்றன. ஆனால் வைரத்தைச் சுற்றியுள்ள வெளிறு, அதாவது தச்சர்கள் வெள்ளை என்று சொல்லும் வெளிர்நிறப் பகுதி, அந்தப் பாதுகாப்பு இல்லாதது. தூண்கள் தேக்காக இருப்பதால் வீட்டிலுள்ள மரம் முழுவதும் தேக்கு என்று முடிவுகட்டவும் கூடாது. கண்ணில் படும் தூணுக்கும் கதவுக்கும் நல்ல தேக்கை வாங்கிய குடும்பங்கள், கைமரத்துக்கும் அதன்மேல் ஓடு தாங்கும் ரீப்பருக்கும் கிடைத்த நாட்டு மரத்தையோ பனஞ்சட்டத்தையோ பயன்படுத்தியது சாதாரணமாக நடந்ததுதான். தேக்குத் தூண் துளியும் பாதிக்கப்படாமல் நிற்க, அதன்மேல் மண் பூசிக்கொண்டே ஏறிப்போன கறையான் மேலே இருக்கும் ரீப்பர்களைத் தின்று முடித்திருக்கும் வீடுகள் உண்டு.

உங்கள் பகுதிப் பழைய வீடுகளில் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே பல சுவர்கள் உள்ளே மண் சாந்தில் செங்கல் அடுக்கி, வெளியே சுண்ணாம்பு பூசிக் கட்டப்பட்டவை. இத்தகைய சுவரின் உட்புற இணைப்புகள் வழியாகவே கறையான் மேலே செல்ல முடியும் என்பதால், சுவரின் மேல்பூச்சில் ஒரு மண்கோடுகூடத் தெரியாமல் விட்டத்தின் முனை வரை அது சென்றுவிடக்கூடும். எனவே மண்கோடு இல்லை என்பதை மட்டும் வைத்து வீட்டில் கறையான் இல்லை என்று அமைதியடைய வேண்டாம்.

சோதனையை வீட்டுக்கு வெளியே தொடங்குங்கள். சுவரை ஒட்டி அடுக்கிய விறகு, வெட்டிய மரத்தின் மண்ணுக்குள் இருக்கும் அடிக்கட்டை, தோட்டத்துப் புற்று, சுவரடியில் தண்ணீர் தேங்கும் இடம் ஆகியவற்றை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்து வீட்டுக்குள் ஈரம் இருக்கும் இடங்கள்: குளியலறைச் சுவரின் மறுபக்கம், சமையலறைத் தொட்டி, முற்றத்து நீர் வெளியேறும் வழி, கூரையின் இரு சரிவுகள் சேரும் கூடல்வாய். மண்ணில் வாழும் கறையான் ஈரமின்றிப் பிழைக்காது. ஆகையால் ஈரத்தின் தடத்தைப் பின்தொடர்ந்தாலே பாதிச் சோதனை முடிந்துவிடும்.

பிறகுதான் மரம். நிலைக்கால்களின் அடியிலிருந்து ஒரு முழ உயரம் வரை ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே செல்லுங்கள். கெட்டியான மரத்தின் ஒலியும், உள்ளே வெறுமையாகிப் போன மரத்தின் ஒலியும் வேறுபடுவதைப் பழக்கமில்லாத காதும் கண்டுகொள்ளும். சந்தேகமான இடத்தில் நுனியால் அழுத்துங்கள்; மரம் அரிக்கப்பட்டிருந்தால், வர்ணப் பூச்சு மட்டும் தாள்போல நிற்க, நுனி உள்ளே இறங்கும். மேலே ஏறும்போது மிக முக்கியமாகப் பார்க்க வேண்டியது, விட்டமும் உத்தரமும் சுவருக்குள் நுழைந்து உட்காரும் முனைகள். அங்கே காற்றோட்டம் இல்லை; கூரை ஒழுகினால் நீர் அங்கேதான் தங்கும்; அந்த மரம் தாங்கும் சுமை அங்கேதான் இறங்குகிறது. முனையை ஒட்டிய பூச்சில் ஓர் அங்குலம் தட்டியெடுத்துப் பார்ப்பதற்குத் தயங்காதீர்கள். மச்சு, மரக் குறுக்குச்சட்டங்களின்மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்திட்ட மெட்ராஸ் டெரஸ் வகையாக இருந்தால், ஒவ்வொரு சட்டத்தையும் இரு முனைகளிலும் பார்க்க வேண்டும். ஒன்றிரண்டை மாதிரிக்குப் பார்ப்பது போதாது.

ஈரப்பதமானி என்ற சிறு கருவியை ஓர் ஆய்வாளர் கொண்டுவந்தால் வரவேற்கத் தக்கது. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சையால் மக்குவது பொதுவாக நிகழாது. அதற்குமேல் காட்டும் இடம் கறையானுக்கும் மக்கலுக்கும் ஒருசேர உகந்த இடம். மின்கம்பிகளைத் தாங்கும் பழைய மரச்சட்டங்களையும் விட்டுவிட வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திய பிறகே அவற்றில் கை வைக்க வேண்டும். விட்டமோ உத்தரமோ வெறுமையாகத் தட்டுப்பட்டால், அதற்கு முட்டுக் கொடுக்காமல் வேறெந்த வேலையும் அந்த அறையில் நடக்கக்கூடாது. அதை மாற்றுவதா, அரித்த பகுதியை அறுத்து ஒட்டுப்போடுவதா என்பதைக் கட்டுமானப் பொறியாளரும் அனுபவமுள்ள தச்சரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். பூச்சி மருந்து நிறுவனம் சொல்லக்கூடிய முடிவு அல்ல அது.

கேள்வி: மதுரையில் உள்ள எங்கள் வீட்டை 2 ஆண்டுகளுக்கு முன் விரிவுபடுத்திப் புதிய குளியலறையும் படுக்கையறையும் கட்டினோம். புதுப் பகுதியின் அடித்தளத்துக்கு மருந்தும் அடித்தோம். இருந்தும் பழைய அறையும் புதிய அறையும் சேரும் மூலையில் மண்கோடு வந்திருக்கிறது. மருந்து போலியா? — வாசகி, மதுரை

பதில்: போலியாக இருக்கலாம், ஆனால் நீங்கள் குறிப்பிடும் இடத்தைப் பார்த்தால் வேறு காரணத்துக்கே வாய்ப்பு அதிகம். புதிய பகுதியின் அடியில் மட்டும் மருந்திட்டால், பழைய பகுதியின் அடிமண் முன்போலவே திறந்து கிடக்கிறது. பழைய கட்டடமும் புதிய கட்டடமும் வெவ்வேறு அளவில் அமர்வதால் சேருமிடத்தில் வெடிப்பு விழுவது இயல்பு. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி கறையானுக்குத் தாராளம்.

விரிவாக்கத்தின்போது நிகழும் வேறு சில தவறுகளையும் உங்கள் வீட்டில் தேடிப் பாருங்கள். காங்கிரீட் போட்ட சென்ட்ரிங் பலகைத் துண்டுகளையும் முளைகளையும் பொறுக்கி எடுக்காமல் அப்படியே தரைக்கடியில் மண்ணோடு நிரவிவிடுவது மிகப் பரவலான வழக்கம். கட்டுமான வேலையில் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுதான். அரைமணி நேர வேலையைத் தவிர்ப்பதற்காக, கறையானுக்கு வேண்டிய உணவை வீட்டின் அடியிலேயே புதைத்து வைக்கிறோம். மருந்திட்ட மண்ணைக் குளியலறைக் குழாய்க்காக மீண்டும் தோண்டியிருந்தால், அந்த இடத்தில் மருந்தின் தடுப்பு அறுந்துவிட்டது. குழாய் இணைப்பில் கசிவும் இருந்தால் ஈரத்துக்கும் குறைவில்லை. வெளியே நடைபாதையை உயர்த்தியதில் பழைய சுவரின் அடி மண்ணுக்குள் போயிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: மண்கோட்டைத் துடைத்து எறிய வேண்டாம், கையில் கிடைக்கும் பூச்சி ஸ்ப்ரேயையோ மண்ணெண்ணெயையோ அதன்மேல் அடிக்கவும் வேண்டாம். அப்படிச் செய்தால் அந்த வழியை விட்டு வேறு வழி தேடுமே தவிர, மண்ணுக்குள் இருக்கும் கூட்டம் அழியாது. ஆய்வாளருக்கு வேண்டிய தடயம்தான் அழியும். கோட்டின் நடுவில் இரண்டு விரற்கடை அளவு மட்டும் உடைத்து, அடுத்த சில நாள் கவனியுங்கள். உடைத்த இடம் மீண்டும் பூசப்பட்டால் கறையான் அவ்வழியே இயங்குகிறது. பூசப்படாவிட்டாலும் அது போய்விட்டது என்று பொருளல்ல. வேறு வழி இருக்கலாம்.

குடியிருக்கும் வீட்டுக்கான மருந்து முறையை இந்திய தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 6313 என்ற தரவிதியின் மூன்றாம் பகுதியில் வகுத்திருக்கிறது. தரையும் சுவரும் சேரும் கோட்டில் 300 மில்லிமீட்டருக்கு ஒன்று என 12 மில்லிமீட்டர் துளைகள் இட்டு, மண் மேற்கொண்டு ஏற்காத வரையிலோ, துளைக்கு 1 லிட்டர் வரையிலோ மருந்துக் கரைசலைச் செலுத்தி, பிறகு துளையை அடைக்க வேண்டும். உங்கள் வீட்டில் இது பழைய பகுதி முழுவதற்கும், குறிப்பாக இரு பகுதிகளும் சேரும் கோட்டின் இருபுறத்துக்கும் தேவை. அதற்கு முன் குழாய்க் கசிவைச் சரிசெய்துவிடுங்கள்.

கேள்வி: காரைக்குடியில் பழைய மரச்சாமான் கடை ஒன்றில் பர்மா தேக்குக் கதவும் நிலையும் வாங்கிச் சென்னையில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் பொருத்தினோம். நிலையின் ஒரு பக்கத்தில் தினமும் மாவு கொட்டுகிறது. நான்காம் மாடிக்கும் கறையான் வருமா? — வாசகர், சென்னை

பதில்: வரும்; ஆனால் உங்களிடம் கொட்டுவது கறையானாலா, வண்டாலா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும், ஏனெனில் மருந்தும் செலவும் அதைப் பொறுத்தே மாறும்.

கொட்டுவதை ஒரு கறுப்புத் தாளில் ஏந்தி விரலால் தேய்த்துப் பாருங்கள். முகத்துக்குப் பூசும் பவுடர்போல மிக நுண்ணியதாக இருந்து, மரத்தில் 1 அல்லது 2 மில்லிமீட்டர் அகலத்தில் வட்டத் துளைகளும் தெரிந்தால் அது மரத்தூள் வண்டு. மரம் உளுத்துவிட்டது என்று நம் வீடுகளில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். தூளாக இல்லாமல் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீளமுள்ள, ஆறு பட்டை கொண்ட சிறு மணிகளாக இருந்தால் அவை உலர்மரக் கறையானின் எச்சம். இந்தக் கறையானுக்கு மண்ணும் வேண்டாம், மண்கோடும் வேண்டாம். மரத்திலுள்ள சிறிதளவு ஈரமே அதற்குப் போதும் என்பதால், ஒரு நாற்காலிக்குள்ளேயே ஒரு கூட்டம் வாழ்ந்துவிடும். மாடி எத்தனையாவது என்பது அதற்கு ஒரு பொருட்டில்லை. மரத்தோடு சேர்ந்தே அது உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும்.

மரத்தூள் வண்டுக்கு வேண்டியது வெளிறு மரத்தில் இருக்கும் மாவுச்சத்து. பல பத்தாண்டுகள் ஆகிய தேக்கின் வைரத்தில் அதற்கு உணவில்லை. ஆகவே பர்மா தேக்கு என்று விற்ற நிலையின் ஒரு பக்கத்தில் மட்டும் தூள் கொட்டினால், அந்தப் பக்கம் பின்னாளில் வேறு மரத்தில் ஒட்டுப்போடப்பட்டதா என்று பார்க்க வேண்டும். உடைந்த பழைய நிலைகளை விற்பனைக்குத் தயார்செய்யும்போது மாமரத்தாலோ ரப்பர் மரத்தாலோ துண்டு சேர்த்துச் சாயம் ஏற்றுவது உண்டு. மெருகுக்குக் கீழே மர இழையின் ஓட்டம் மாறுவதைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் காணலாம். சுவரில் நிலையைப் பிடித்து நிறுத்த வைத்த புதிய ஆப்புகளும் காரணமாக இருக்கலாம். துளையின் விளிம்பும் உட்புறமும் வெளிறிப் புதிதாகத் தெரிந்தால் வண்டு இப்போதும் உள்ளே இருக்கிறது. கறுத்துப்போயிருந்தால் பழைய துளை, கதவு அதிரும்போது தங்கிய தூள் உதிர்கிறது. துடைத்துவிட்டுச் சில வாரம் கவனித்தால் இது தெளிவாகும்.

வண்டு என்றால் அந்தத் துண்டை மாற்றிவிடுவதே சிறந்தது. உலர்மரக் கறையான் என்றால், துளைகள் வழியாக மருந்தேற்றுவது சிறு பகுதிக்குச் சரிப்படும். பரவலாக இருந்தால் நிலையைக் கழற்றி, உரிமம் பெற்ற நிறுவனத்தின் மூலம் புகையூட்டம் செய்ய வேண்டியிருக்கும். அடுக்குமாடி வீட்டுக்குள் வைத்துப் புகையூட்டுவதாக எவராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். உயிருக்கே ஆபத்தான வாயுக்கள் அவை. போரிக் அமிலமும் வெங்காரமும் (போராக்ஸ்) கலந்த கரைசல் நல்ல பாதுகாப்புதான் என்றாலும், மெருகேற்றிய மரத்தில் அது உள்ளிறங்காது. மெருகைச் சுரண்டியெடுத்த பிறகே பூச வேண்டும். இனி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு சொல்: பழைய மரம் வாங்கும்போது ஒரு தச்சரை உடன் அழைத்துச் செல்லுங்கள், பொருத்துவதற்கு முன்பே நான்கு பக்கமும் பார்த்துவிடுங்கள். சுவரில் பதியும் பக்கத்தைப் பிறகு எவராலும் பார்க்க முடியாது.

கேள்வி: முதல் மழைக்குப் பிறகு கூடத்தில் ஈசல் சிறகுகள் குவிந்து கிடந்தன. பயப்பட வேண்டுமா? — வாசகி, நாகர்கோவில்

பதில்: ஈசல் என்பது சிறகு முளைத்த கறையான்தான். கதவு திறந்திருந்து, வெளியிலிருந்து விளக்கைத் தேடி வந்தவை என்றால் பயமில்லை. கதவும் சன்னலும் மூடியிருந்த அறையில், சன்னல் விளிம்பிலோ நிலையின் அடியிலோ சிறகுகள் கிடந்தால், கறையான் கூட்டம் உங்கள் வீட்டுக்குள்ளோ அடிமண்ணிலோ இருக்கிறது என்பதற்கு அது வலுவான சான்று. எங்கிருந்து வெளிவந்தன என்று அந்த அறையின் வெடிப்புகளையும் மரத்தையும் அன்றே பாருங்கள்.

கேள்வி: முற்றத்தில் கிணறு இருக்கிறது, அதைத்தான் குடிக்கிறோம். வீட்டில் கைக்குழந்தையும் உண்டு. மருந்து அடிக்கலாமா? வேப்பெண்ணெய், கொல்லாங்கொட்டை (முந்திரிக்கொட்டை) எண்ணெய் போன்றவை போதாதா? — வாசகர், புதுக்கோட்டை

பதில்: தங்கள் கவலை நியாயமானது. கிணற்றைச் சுற்றியுள்ள மண்ணில் மருந்து செலுத்துவதை நான் ஏற்கவே மாட்டேன். மண்ணில் இறங்கியது நீரோடு எங்கே போகும் என்பதைப் பழைய கிணறு உள்ள வீட்டில் எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நம் ஊரில் நெடுங்காலமாகப் பயன்படும் குளோர்பைரிபாஸ் என்ற கறையான் மருந்து குழந்தைகளின் நரம்பு வளர்ச்சியைப் பாதிக்கும் என்ற அச்சத்தால், அமெரிக்கா 2000-ஆம் ஆண்டிலேயே அதை வீட்டுப் பயன்பாட்டிலிருந்து விலக்கத் தொடங்கியது. இமிடாகுளோப்ரிட் என்ற மற்றொரு மருந்து மிகக் குறைந்த செறிவில் வேலை செய்வதும் வாடை குறைந்ததும் ஆகும். எனினும் அதுவும் நஞ்சுதான், நீரில் கரைந்து செல்லக்கூடியதுதான். கிணற்றுப் பக்கத்துக்கு, மரத்துண்டுகள் கொண்ட இரைப்பெட்டிகளை மண்ணில் பதித்து, கறையான் வந்த பின் தோலுரிப்பைத் தடுக்கும் மருந்து கலந்த இரையை வைக்கும் முறை ஏற்றது. வேலை முடியப் பல வாரங்கள், சில இடங்களில் மாதங்கள்கூட ஆகும்; ஆனால் மருந்து பெட்டிக்குள்ளேயே இருக்கும்.

கொல்லாங்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைக் கைமரத்துக்கும் சுவருக்குள் போகும் விட்ட முனைக்கும் பூசுவது நம் முன்னோர் கண்ட நல்ல வழக்கம். தோலைப் புண்ணாக்கும் என்பதால் கையுறை அவசியம். வேப்பெண்ணெய் பூசிய இடத்தில் சிறிது காலம் விலக்கும். இவ்விரண்டும் புதிய மரத்துக்குக் காப்பாகுமே தவிர, மண்ணுக்குள் ஏற்கனவே குடியிருக்கும் கூட்டத்தை ஒன்றும் செய்யாது. மருந்து செலுத்தும் அறைகளில், துளைகளை அடைத்துத் தரையைத் துடைத்து நன்கு காற்றோட்டம் தந்த பிறகே குழந்தையை விடுங்கள். தவழும் குழந்தை என்பதால் ஓரிரு நாள் உறவினர் வீட்டில் தங்குவது மேல்.

கேள்வி: இலவசச் சோதனை என்று சொல்லிப் பல நிறுவனங்கள் வருகின்றன. 10 நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு விலை சொல்கிறார்கள். நம்பலாமா? — வாசகர், கோயம்புத்தூர்

பதில்: விலை சொல்வதற்காகச் சுற்றிப் பார்ப்பதும் சோதனையும் வேறு வேறு. ஆஸ்திரேலியாவில் வீடு வாங்குவோர் ஒப்பந்தத்துக்கு முன் மரப்பூச்சிச் சோதனைக்குத் தனியே கட்டணம் கொடுத்து ஆய்வாளரை அமர்த்துவது வழக்கம். அந்த ஆய்வுக்கென்றே அங்கு ஏ.எஸ். 4349.3 என்ற தரவிதி இருக்கிறது. நம் ஊரில் அந்த வழக்கம் வேரூன்றவில்லை. ஆனாலும் கட்டணம் கொடுத்து, எழுத்தில் அறிக்கை கேட்க உங்களுக்குத் தடையில்லை. மருந்தடிக்கப் போகிறவரே சோதிக்காமல் வேறொருவர் சோதித்தால் இன்னும் நல்லது.

அறிக்கையில் என்ன பூச்சி, எந்த எந்த இடத்தில், இப்போது இயங்குகிறதா பழைய சேதமா, ஈரம் எங்கிருந்து வருகிறது என்பவை படங்களோடு இருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, எந்த இடங்களைப் பார்க்க முடியவில்லை, ஏன் என்ற பட்டியல் இருக்க வேண்டும். பூட்டிய பரண், சுவரோடு பொருத்திய அலமாரியின் பின்புறம், உட்கூரைக்கு மேலே ஆகியவை பார்க்கப்படவில்லை என்று எழுதித் தரும் ஆய்வாளரை நம்புங்கள். வீடு முழுவதும் சுத்தம் என்று ஒரே வரியில் முடிப்பவரை நம்ப வேண்டாம். வெப்பப்படக் கருவி சுவரை ஊடுருவிக் கறையானைக் காட்டும் என்று சிலர் சொல்வது சரியல்ல. அது மேற்பரப்பின் வெப்ப வேறுபாட்டைத்தான் காட்டுகிறது. அந்த வேறுபாடு குழாய்க் கசிவாலும் வரலாம் என்பதால், தட்டியும் குத்தியும் உறுதி செய்யாமல் அதை முடிவாகக் கொள்ளக்கூடாது.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் பெற்ற உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். மருந்துப் புட்டியை உங்கள் முன்னிலையில் திறந்து கலக்கச் சொல்லி, அதன் பெயர், பதிவு எண், தயாரித்த நாள், காலாவதி நாள் ஆகியவற்றைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். குளோர்பைரிபாஸ் 20 சதவீத மருந்தை 1 சதவீதக் கரைசலாக்க 1 லிட்டருக்கு 19 லிட்டர் நீர் சேர்க்க வேண்டும். 40, 50 லிட்டர் நீரில் கரைத்தால் பணமும் போய், கறையானும் தங்கிவிடும். 5 ஆண்டு, 10 ஆண்டு உத்தரவாதம் என்று அச்சிட்டுத் தந்தால், ஆண்டுக்கு ஒரு முறை வந்து பார்ப்பது அதில் அடங்குமா, மீண்டும் கறையான் வந்தால் மருந்துச் செலவு மட்டுமா மரத்தின் சேதமும் சேருமா, நடுவில் நீங்கள் தரையைத் தோண்டினால் உத்தரவாதம் செல்லுமா என்ற மூன்றையும் பணம் கொடுப்பதற்கு முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்டுச் சோதனைக்கு மார்கழி, தை மாதங்களைக் கேட்டுப் பெறுங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு பார்த்தால்தான் எந்தச் சுவர் ஈரம் வாங்கியிருக்கிறது என்பது தெரியும், கோடையில் எல்லாச் சுவரும் காய்ந்தே இருக்கும்.